முதல் சார்ஜ்

என் மனைவியின் சேலைகளில் ஒரு பக்கத்துக் கீழ்மடிப்பில் மட்டும் ஓட்டைகள் இருக்கும். பொட்டுக்கடலை அளவில் ஒன்றிரண்டு, கடுகு அளவில் பத்துப் பதினைந்து. துவைக்கத் துவைக்க அவை பெரிதாகும். எலி கடித்ததல்ல. என் பழைய பைக்கின் பேட்டரியில் இருந்து கசிந்த ஆசிட் செய்த வேலை.

வண்டிக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது. அதற்கென்று செய்த சின்ன பேட்டரி எங்கள் பக்கத்துக் கடைகளில் இப்போது வருவதில்லை. கிடைக்கிற பேட்டரியோ பக்க மூடிக்குள் இருக்கும் இடத்தில் அடங்காது. அதனால் தகரத்தை மடித்து ஒரு பெட்டி செய்து, இடது பக்கம் வெளியே வெல்டு அடித்து வைத்துக்கொண்டேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். லாரி பாடி கட்டும் பட்டறையில்தான் வளர்ந்தேன். தகர வேலை கைக்குத் தானாக வரும். பெட்டியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவள் கால் தொங்குகிற இடத்தில் அது இருந்தது, அவ்வளவுதான்.

அவளுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் நாமக்கல்லில் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்குக் கட்டிலில் இருக்க வேண்டும். தவறினால் வெளியே காத்திருக்கிறவருக்கு அந்தக் கட்டில் போய்விடும். எங்கள் ஊருக்கு முதல் பஸ் வருவதே ஆறரைக்கு. பக்கத்து வீடுகளில் வண்டி வைத்திருப்பவர்கள் நாலு மணிக்கே கோழிப்பண்ணைக்கு முட்டை எடுக்கப் போய்விடுவார்கள். ஆக, என் வண்டி கிளம்பியாக வேண்டும். வேறு வழி இல்லை.

கிக்கரை உதைத்துக் கிளப்ப என்னால் முடியாது. பட்டறையில் லாரியின் பக்கப்பலகை சாய்ந்து என் வலது முழங்கால் உடைந்து, பிளேட் வைத்திருக்கிறது. செல்ப் பட்டன்தான் எனக்குக் கால். சிகிச்சை முடிந்து திரும்பும்போது அவள் துவண்டுபோய் என் முதுகில் சாய்ந்துகொள்வாள். வண்டி நின்றால் மொத்தப் பாரமும் என் இடது காலுக்கு வரும். ஒவ்வொரு கிலோவும் எனக்குத் தெரியும். முன்பக்கத்துக் கம்பியைக் கழற்றினேன். பின்னால் இருந்த கேரியரை அறுத்தேன். மிச்சம் இருந்தது அந்தப் பேட்டரியும் பெட்டியும். வீங்கிய அவள் காலில் பெட்டியின் விளிம்பு இடித்து இடித்துத் தழும்பே விழுந்திருந்தது. அவள் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது செல்ப் முனக ஆரம்பித்தது. மறுநாளே புது பேட்டரி வாங்கப் பஸ் ஏறிச் சேலம் போனேன்.

பயந்தவன் எல்லாவற்றையும் முன்னாலேயே அளந்துவிடுவான். பக்க மூடிக்குள் இருக்கும் இடத்துக்கு அட்டையில் ஒரு கூடு வெட்டி எடுத்துப் போயிருந்தேன். பட்டறையில் நாங்கள் எதையும் அப்படித்தான் அளப்போம். பிளஸ் எந்தப் பக்கம் என்று அட்டையிலேயே கோடு போட்டிருந்தேன். என்ஜினை முறுக்கினால் எத்தனை வோல்ட் வருகிறது என்று ஊர் மெக்கானிக்கிடம் மீட்டர் வைத்துப் பார்த்து அதையும் எழுதியிருந்தேன்: பதினாலு புள்ளி இரண்டு.

கடைக்காரர் பாய் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்படி ஒருத்தரும் வந்ததில்லை என்றார். பதினாலரையைத் தாண்டாததால் ஆசிட் பேட்டரிக்குப் பதில் லித்தியம் பேட்டரியே தாராளமாகப் போடலாம் என்று சொல்லிவிட்டு, கண்ணாடி மேசை மேல் இரண்டு பேட்டரிகளை வைத்தார். பெரியது கூட்டுக்குள் போகவில்லை. சின்னது வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. கையில் எடுத்தால் முக்கால் கிலோ இருக்கும். ஆசிட் கிடையாது, கசியாது, படுக்க வைத்தும் மாட்டலாம் என்றார். ஒன்று மட்டும்தான், உள்ளே பிடிக்கிற சார்ஜ் கொஞ்சம், என்ஜின் ஓடாதபோது லைட்டைப் போட்டுவிட்டு நிற்கக் கூடாது.

எங்கள் ஊரில் பேட்டரி என்றால் கனம். பழையதை எடைக்குப் போட்டாலும் கனத்தைப் பார்த்துத்தான் விலை. வெறும் டப்பா போல இருக்கிற இது என்ஜினை எப்படிச் சுற்றும்? இரண்டு தடவை மேசையில் திருப்பி வைத்தேன். இரண்டு தடவையும் அவள் காலின் தழும்பு ஞாபகத்துக்கு வந்தது. வாங்கிக்கொண்டேன்.

“சார்ஜ் ஏத்தித்தாண்ணே வருது. நேரா வண்டியில மாட்டுங்க. வேற எங்கயும் குடுத்துச் சார்ஜ் போடாதீங்க” என்றார் பாய்.

தலையை ஆட்டினேன். பேட்டரி வந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு காகிதம் இருந்தது. முழுக்க இங்கிலீஷ். படித்துச் சொல்லுங்கள் என்று கேட்க வெட்கமாக இருந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ் ஆட்டையாம்பட்டி தாண்டுவதற்குள் அவர் சொன்னது என் மனதில் கரைந்துபோயிற்று. லாரிக்காரர்கள் ஊர் எங்களுடையது. புது பேட்டரி வாங்கினால் ஆசிட் ஊற்றி, சார்ஜ் கடையில் ஒரு நாள் முழுக்கப் போட்டு, முதல் சார்ஜ் ஏற்றிய பிறகுதான் வண்டியில் மாட்டுவோம். முதல் சார்ஜ் ஏறாத பேட்டரி பாதி வழியில் கைவிடும் என்பதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன். கைவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாள்தான் என்னைக் கெடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை பைபாஸ் ஓரத்துச் சார்ஜ் கடைக்குப் போனேன். பலகை மேல் லாரி பேட்டரிகள் ஒன்றோடொன்று ஒயரில் கோத்து வரிசையாகக் கொதித்துக்கொண்டிருந்தன. கடைக்காரர் வயதானவர், பட்டறைக் காலத்துப் பழக்கம். கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

“இதென்ன சாமி, டிபன் பாக்ஸாட்டம் இருக்குது. உள்ளார இட்லி வெச்சிருக்குதா?”

பேட்டரி என்றேன். தண்ணீர் ஊற்றும் மூடியைத் தேடினார். இல்லை.

“எனக்கு இதெல்லாம் தெரியாது சாமி. நீ சொன்னா மாட்டறேன்.”

“மாட்டுங்க” என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை நான்தான் சொன்னேன். அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

திங்கட்கிழமை போய் எடுத்தேன். லேசாகச் சூடாக இருந்தது. சார்ஜ் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பக்க மூடிக்குள் தள்ளினேன். கொஞ்சம் இறுக்கமாகப் போனது. வெளியே இருந்த தகரப் பெட்டியைப் பட்டறையிலேயே அறுத்து எறிந்தேன். பட்டனை அமுக்கியதும் வண்டி பட்டென்று பிடித்தது. நம்பிக்கை வரவில்லை. அணைத்து மறுபடி அமுக்கினேன். சாயங்காலத்துக்குள் ஏழு தடவை. வாசலில் உட்கார்ந்திருந்த அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அமுத்தி அமுத்தி அதையுங் கொன்னுபோடாதீங்க” என்றாள்.

செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன் அவளை ஏற்றி உட்கார வைத்துப் பட்டனை அமுக்கினேன். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். லைட்டும் இல்லை, ஹாரனும் இல்லை. அவளை இறக்கிவிட்டு வலது காலாலேயே கிக்கரை உதைத்தேன். முழங்காலுக்குள் கம்பி வைத்துத் திருகியது போல இருந்தது. உட்கார்ந்துகொண்டு கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தேன். அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. நான்கு நாள் தண்ணீர் உடம்புக்குள் நிற்கிறது. வண்டியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

“எந்திரிங்க. முட்டை வண்டி வர்ற நேரந்தான். ரோட்டுக்குப் போயிரலாம்” என்றாள்.

ரோடு முன்னூறு அடிதான். மூன்று இடத்தில் நின்றாள். முட்டை வண்டி டிரைவர் அவளை முன்னால் ஏற்றிக்கொண்டார். நான் பின்னால் முட்டை அட்டைகளுக்கு நடுவில் நின்று வந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மணி ஏழு. அவள் கட்டிலில் வேறு ஒரு அம்மா படுத்திருந்தார். நர்ஸ் திட்டவில்லை, அந்தக் கட்டிலைக் கையால் காட்டினார். அவ்வளவுதான். அடுத்த ஷிப்ட் பதினோரு மணிக்கு. அதுவரை அவளால் சாய முடியவில்லை, படுக்க முடியவில்லை. பெஞ்சில் முன்பக்கம் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி, மூச்சை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேலை மேலும் கீழும் போவது நின்றுவிடுமோ என்று கண்ணை எடுக்கவே இல்லை. பாயைத் திட்டினேன், பேட்டரி செய்தவனைத் திட்டினேன், எல்லாம் மனதுக்குள்.

ஒன்பது மணி வாக்கில் அவள் தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

“அந்த லாரிக் கடையில எதுக்குங்க கொண்டுபோயிக் குடுத்தீங்க?”

நான் சொல்லாமல் போன இடம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று இன்று வரை கேட்கவில்லை.

புதன்கிழமை பேட்டரியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு சேலம் போனேன். மாட்டிய மறுநாளே செத்துவிட்டது, சரக்கு சரியில்லை என்றேன். பாய் என் அட்டைக் கூட்டை வாங்கிப் பேட்டரியை உள்ளே தள்ளினார். போகவில்லை. பக்கங்கள் உப்பியிருந்தன. பிறகு முனைகளை வெளிச்சத்தில் காட்டினார். ஈயத்தைக் கடித்தது போல வரிசையாகப் பல் தடங்கள்.

“அண்ணே, இது லாரி பேட்டரிக்கு சார்ஜ் போடற கிளிப்போட பல்லு.”

பொய் அதற்கு மேல் நிற்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் இருக்கிறதாம், நிரம்பியதும் அதுவே கரண்டை அடைத்துவிடுமாம். வரிசையில் கோத்தபோது அத்தனை பேட்டரிகளுக்கும் போகிற வோல்ட் முழுவதும் அதன் மேல் விழுந்து அது கருகிவிட்டது.

“போதும்னு சொல்ற ஆளு செத்துப்போச்சு. அப்புறம் அது பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருந்திருக்கு. தீப்பிடிக்காம இருந்ததே பெருசு” என்றவர், கொஞ்சம் நிறுத்தி, “அக்கா உக்கார்ற எடத்துக்குக் கீழதானே இருந்துச்சு?” என்றார்.

அவர் பேட்டரியை எடுத்துப்போய்க் கடைக்கு வெளியே மணல் வாளியில் வைத்தார். நான் சட்டைப்பையிலிருந்து அந்த இங்கிலீஷ் காகிதத்தை எடுத்து, படித்துத் தமிழில் சொல்லுங்கள் என்றேன். சனிக்கிழமையே கேட்டிருக்க வேண்டியது. வரி வரியாகச் சொன்னார். அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். வேறு சார்ஜர் கூடாது என்பது மூன்றாவது வரியிலேயே இருந்தது.

இது கம்பெனி மாற்றித் தருகிற பழுது அல்ல. இன்னொன்று வாங்கினேன். எப்படி வாங்கினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. மாட்டி ஒரு தடவை கிளப்பிப் பாருங்கள், அதோடு விட்டுவிடுங்கள், சும்மா சும்மா அமுக்காதீர்கள் என்று பாய் சொல்லி அனுப்பினார்.

வியாழக்கிழமை மாட்டினேன். ஒரு தடவை கிளப்பினேன். மெக்கானிக் மீட்டர் வைத்தார், அதே பதினாலு புள்ளி இரண்டு. அணைத்துவிட்டுச் சாவியைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன், நான் கேட்டாலும் தராதே என்று. இரண்டு தடவை கேட்டேன். தரவில்லை.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் அவள் சாவியைக் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். பட்டனை அமுக்கினேன். வண்டி பிடித்துக்கொண்டது. வழி முழுக்க நான் ஒரு இடத்திலும் என்ஜினை அணைக்கவில்லை. பெட்ரோல் போட வேண்டியிருந்தும் பங்கில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை ஓடவிட்டபடியே ஸ்டாண்டு போட்டு, அவளைத் தாங்கி உள்ளே கூட்டிப்போனேன். மணி ஐந்தே முக்கால். அவள் கட்டில் காலியாக இருந்தது. ஊசி ஏற்றி, மெஷினில் ரத்தம் ஓட ஆரம்பிப்பதைப் பார்த்த பிறகுதான் வெளியே வந்தேன்.

வாட்ச்மேன் வண்டி பக்கத்தில் நின்றிருந்தார். “ஏனுங்க, பெட்ரோல் உங்களுக்கு ஊத்துல கெடைக்குதா?” என்றார்.

சாவியைத் திருப்பி அணைத்தேன். வண்டி அமைதியானது. அவள் வெளியே வர இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. வரும்போது நிற்க முடியாமல் வருவாள், ஒரே அமுக்கில் இது பிடித்தாக வேண்டும். பிடிக்குமா என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று விரல் பட்டனுக்குப் போய்க்கொண்டே இருந்தது. சாவியை உருவி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, பத்து மணி வரைக்கும் தரக் கூடாது என்று சொல்லி, வண்டி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.