சைகோனில் கை நனைத்த நாள்

திருச்சியிலிருந்து சைகோனுக்கு நேரடியாக விமானம் போகிறது என்று கேள்விப்பட்டதும் நான் ஊர் சுற்றலாம் என்று நினைத்தேன். என் தோழி பெண் பார்க்கலாம் என்று நினைத்தாள். அவளுடைய ஒரே மகன் அங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். கூட வேலை பார்க்கும் அந்த ஊர்ப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று போனிலேயே சொல்லிவிட்டான். அவன் அப்பா சிங்கம்புணரிப் பக்கம் விவசாயம் பார்ப்பவர், வார்த்தையை அளந்து பேசுகிறவர். "நீ போயி பாத்துட்டு வா. உனக்குச் சரின்னா எனக்கும் சரி" என்று முடித்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார். மொத்தப் பாரமும் அவள் தலையில் விழுந்தது. துணைக்கு நான். காரைக்குடியில் கல்லூரிக்குப் போன காலத்திலிருந்தே அவள் எங்கே போனாலும் துணைக்கு நான்தான். எனக்கும் அதில் ஒரு கெத்து உண்டு.

இரண்டு பேருக்கும் அதுதான் முதல் வெளிநாடு. நான் புதுச் செருப்பும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கினேன். அவள் இரண்டு கிலோ கைமுறுக்கும் பருப்புப்பொடியும் எடுத்துக்கொண்டாள். சிரிக்கிற முகமாக அவள் இல்லை. "என்ன முடிவுன்னு அங்க வச்சுச் சொல்ல மாட்டேன்டி. ஊருக்கு வந்து யோசிச்சுத்தான் சொல்லுவேன்" என்று விமானத்தில் மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை நான் தூங்குவது போல் நடித்தேன்.

மறுநாள் மதியம் பெண் வீட்டில் சாப்பாடு என்று மகன் ஏற்பாடு செய்திருந்தான். போகிற வழியில் ஒரு சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. அங்கே சிக்னல் எதுவும் இல்லை, ஸ்கூட்டர்கள்தான் இருந்தன. கண்ணுக்கு எட்டிய மட்டும் ஸ்கூட்டர்கள், ஒன்றில் அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள், இன்னொன்றில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி பீரோ. பாதி தூரம் வந்ததும் தோழி என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவள் நின்றதால் நானும் நின்றேன். ஸ்கூட்டர்காரர்கள் குழம்பி எங்கள் இரு பக்கமும் வளைந்தார்கள்.

"அம்மா, நிக்காத. ஓடவும் ஓடாத. ஒரே சீரா நட, அவுக ஒதுங்கிப் போயிருவாக" என்று கத்தினான் மகன். "சித்தி, நீங்களும் ஓடாதீக."

நான் ஓடவில்லை என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். எப்படியோ அங்குட்டுப் போய்ச் சேர்ந்தோம். அவன் பழம் வாங்கக் கடைக்குள் நுழைந்ததும் தோழி என் காதருகே வந்தாள்.

"அங்க போயி கை நனைக்கக் கூடாதுடி."

எனக்கு வயிறு எரிந்தது. மதியச் சாப்பாட்டை நம்பிக் காலையில் ஒரு காபியோடு நிறுத்தியிருந்தேன். ஆனால் அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போனால் காபி குடிக்கலாம், பலகாரத்தில் ஒரு துண்டு கடிக்கலாம், சோற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது. சாப்பிட்டால் சம்மதம் சொல்லியாயிற்று என்று அர்த்தம், அதன் பிறகு பின்வாங்க முடியாது. பெண் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் யாரும் முடிவு என்ன என்று கேட்க மாட்டார்கள். "கை நனைச்சீகளா?" என்றுதான் கேட்பார்கள்.

"அவுகளுக்கு இதெல்லாம் தெரியுமாடி?" என்றேன்.

"எனக்குத் தெரியும்ல."

சந்துக்குள் சந்தாகப் போய், கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொட்டுவிடலாம் போன்ற ஒடுக்கமான வீடு. முன்னறையில் தையல் மெஷின். பெண்ணின் அம்மா தையல்காரர், எங்கள் வயதுதான் இருக்கும். பெண் கைகூப்பி, ஒத்திகை பார்த்துவைத்திருந்த "வணக்கம்" சொன்னாள். தோழி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பல்லு வரிசையா இருக்கு" என்றாள் என்னிடம். அதுவே பெரிய பாராட்டு.

தரையில் பாய் விரித்துச் சாப்பாடும் அதை எடுத்துச் சாப்பிடக் குச்சிகளும் வைத்தார்கள். மண்சட்டியில் வற்றவைத்த மீன், ஏதோ ஒரு கீரை, வெள்ளைச் சோறு, புளி கரைத்து அன்னாசிப்பழம் போட்ட ரசம். புளி வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கொள்கை எல்லாம் ஆட்டம் கண்டது.

"இப்பத்தான் சாப்புட்டு வந்தோம்" என்றாள் தோழி. மகன் மொழிபெயர்த்தான். அந்த அம்மாள் இன்னொரு முறை உபசரித்தார். தோழி வயிற்றைத் தடவிக் காட்டித் தலையை ஆட்டினாள். எங்கள் ஊராக இருந்தால் மூன்றாவது முறை இலையைப் போட்டு உட்காரவைத்திருப்பார்கள். அவரோ கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மகனிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

"தான் சமைச்சது பிடிக்கலையான்னு கேக்குறாக" என்றான் அவன். அவன் முகமும் செத்துப்போயிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. "நடு ரோட்டுல நின்ன மாதிரியே இங்கயும் நிக்கிற. குச்சியில எடுத்துத் தின்னா கை நனையாதுல்ல, ரெண்டு வாய் தின்னு" என்றேன். அவள் பார்வை என் தலைக்கு மேலே போயிருந்தது.

சுவர்த் தட்டில் ஒரு ஆண் படம், முன்னால் ஊதுபத்தி. அதற்கும் முன்னால் ஒரு சின்னக் கிண்ணத்தில் சோறு, மீனில் ஒரு துண்டு, ரசம்.

"யாரு அது?"

"அவளோட அப்பாதாம்மா. இன்னைக்கு நம்ம வர்றோம்னு மொதல்ல அவருக்கு வச்சுச் சொல்லிட்டு, அப்புறந்தான் நமக்கு எடுத்தாக."

தோழி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் இன்னும் ஒரு பருக்கை தொடவில்லை. தோழியின் கண் கலங்கியதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"அவருகிட்டச் சொல்லிட்டாகளா?" என்றாள்.

"சொல்லிட்டாக."

அவள் எழுந்தாள். "கை கழுவ எங்குட்டுப் போகணும்?"

பெண் ஓடிப்போய் வழி காட்டினாள். திரும்பி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்த தோழிக்கு, அந்த அம்மாள் அவசரமாகக் குச்சிகளைத் துடைத்து நீட்டினார். அவள் அவற்றை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி, ஓரமாக வைத்தாள். தட்டில் சோற்றைக் கொட்டி, ரசத்தை ஊற்றி, ஐந்து விரலாலும் பிசைந்தாள். ஈரம் மணிக்கட்டுக்கு வழிந்தது. ஒரு பெரிய உருண்டை எடுத்து வாயில் போட்டாள்.

அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் சிரித்தார். பெண் மகனைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து ஹாஸ்டலிலேயே வளர்ந்தவன், இதெல்லாம் அவனுக்குத் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவனோ மொழிபெயர்க்க வாய் வராமல் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

தோழி நிமிரவில்லை. மீன் துண்டில் முள் எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"உங்க அப்பாவுக்குப் போன் போடுடா. வேற ஒண்ணும் சொல்ல வேணாம். அம்மா சாப்புட்டுக்கிட்டு இருக்கான்னு மட்டும் சொல்லு."