படுக்கையறைச் சுவரை உடைத்த கோடை

என் கணவர் போர்வெல் வண்டியில் வடநாடெல்லாம் சுற்றியவர். பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் வெள்ளைத் தூள் நுரையீரலில் படிந்துவிட்டது என்று நாமக்கல்லில் டாக்டர் சொன்னபோது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. வேலையை விட்டு வீட்டோடு வந்துவிட்டார்.

வீடு புதிது. சுற்றிலும் கோழிப் பண்ணைகள். நாற்றமும் ஈயும் வரக்கூடாதென்று படுக்கையறைக்கு ஒரே ஒரு கண்ணாடிச் சன்னல்தான் வைத்திருந்தோம். அதையும் திறப்பதில்லை. பங்குனி பிறந்ததும் கான்கிரீட் கூரை கொதித்தது. அவரால் படுக்க முடியவில்லை. மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார்.

"மருந்து பாதிதாம்மா. அந்த ரூமுக்குள்ள காத்து வந்து போகோணும்" என்றார் டாக்டர்.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். சுவரை உடைத்தால் தூசி பறக்குமென்று கணவரை எதிர்வீட்டில் உட்காரவைத்தேன். சம்மட்டிச் சத்தம் கேட்டதும் போன் செய்தார்.

"தண்ணி ஊத்தி ஊத்தி ஒடைக்கச் சொல்லு புள்ள. அந்தாளு மூக்குல துணி கட்டீருக்காரா?"

"இல்லீங்க மாமா."

"கட்டச் சொல்லு. எங்களுக்கு அப்ப ஆரும் சொல்லல."

என் முந்தானையில் பாதியைக் கிழித்துக் கொடுத்தேன்.

மேற்குச் சுவரில் தரையோரமாக ஒரு திறப்பு, கிழக்கே கூரையை ஒட்டி இன்னொன்று. இரண்டுக்கும் ஈ வராமல் வலை அடித்தோம். சாயங்காலம் கீழே நுழைந்த காற்று அறையைச் சுற்றி மேலே போனது. கோழி எருவின் வாடையும் சேர்ந்தே வந்தது.

"நாத்தமா இருக்குதுங்களா?"

"இருந்துட்டுப் போகுது. காத்து வருதல்ல."

அன்று மல்லாந்து படுத்தார். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆடி வரைக்கும் தேறியிருந்தார். ஐப்பசி மழையில் சளி கட்டியது. வீட்டுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வந்தது. அதன்பின் எந்தக் காற்றும் அவருக்குப் போதவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை, என் தம்பி காரோட்ட ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். மோகனூர் ரோட்டில் கரும்பு லாரி ஒன்று வழிவிடாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கை காட்டினார். இறக்கினேன். பிறகு அந்தக் கையை என் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

நாமக்கல்லுக்குள் நுழையும்போது அந்தக் கை கனத்துப்போயிருந்தது.

"மாமா தூங்கறாருங்களா அக்கா?" என்று தம்பி கேட்டான். நான் கண்ணாடியை ஏற்றினேன். அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.