சிலிக்குப் போகவிருந்த மாங்கட்டை

சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்குப் பின்னால் எங்கள் பட்டறை. வெளிநாடு போகும் இயந்திரங்களுக்கு அடியில் வைக்கிற மரத்தட்டுகளை இங்கே அடிக்கிறார்கள். அவற்றைச் சூட்டறையில் வேகவைப்பது சைமனின் வேலை. கட்டையின் நடுப்பகுதி வரை ஐம்பத்தாறு டிகிரி, முழுதாக அரை மணி நேரம். உள்ளிருக்கும் புழுவும் முட்டையும் செத்த பிறகுதான் கோதுமைக்கதிர் முத்திரை விழும். ஒரு நாட்டுப் பூச்சி கப்பலேறிப் போய் இன்னொரு நாட்டுக் காட்டைத் தின்றுவிடக் கூடாது என்று பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு அது. முத்திரையில் எங்கள் பட்டறையின் எண்ணும் இருக்கும். சரக்கோடு உயிருள்ள புழு அகப்பட்டால் அந்த எண் பறிபோகலாம். எண் போனால் பட்டறை இல்லை.

ராயபுரத்துக்காரரான சைமனுக்கு இதில் சம்பளத்தைத் தாண்டிய ஆர்வம். சரக்கு எந்த நாட்டுக்கு என்று கேட்டுவிட்டு, அங்கே என்ன மரம் என்று போனில் தேடிப் பார்ப்பார். சிலியில் குடை மாதிரி விரிந்து நிற்கும் ஒரு மரத்தை எல்லோருக்கும் காட்டினார்.

"நம்மூரு வண்டுக்கு இது புடிக்குமா? அதுக்கே தெரியாது. போய் தின்னு பாத்தாதான் தெரியும்."

போன செவ்வாய் காலை சிலிக்குப் போகும் பம்புகளைக் கண்டெய்னரில் ஏற்றினார்கள். கடைசித் தட்டுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. சைமன் இருபத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் சரக்கு அடுக்கியவர். ஆடுகிற சரக்கைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. காலடியில் கிடந்த பச்சை மாங்கட்டையில் ஒரு துண்டை வெட்டி, இடைவெளியில் அறைந்து இறுக்கினார். கதவை மூடி, சீல் வைத்தார்கள். லாரி போய்விட்டது.

மூன்று மணி டீக்கு, மிச்ச மாங்கட்டையின் மேலேயே உட்கார்ந்தார். எழுந்தபோது பேண்டில் மஞ்சள் மாவு, பூச்சி அரித்த மரத்தூள். கட்டையைப் புரட்டினார். பட்டைக்கு அடியில் ஒரு வெள்ளைப் புழு நெளிந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு மொபெட்டை எடுத்தார்.

எண்ணூர் விரைவுச் சாலையில் லாரி வரிசையில் நின்றிருந்தது. டிரைவர் பாரி எட்டிப் பார்த்தான்.

"இன்னாண்ணே, ஹார்பர வுட மனசு வரலியா?"

"வண்டிய திருப்பு மாமு. உள்ள பச்சக்கட்ட கீது. புழு."

"அஞ்சு மணி நேரமா நின்னுகினு கீறேன்! திருப்புனா கப்பல் பூடும். ஒரு புழுவுக்கா? மொதலாளிகிட்ட நீயே பேசிக்கோ, என்ன கோத்து வுடாத."

சைமன் முதலாளி வேதமாணிக்கத்துக்குப் போன் போட்டார்.

"அண்ணாச்சி, சிலி வண்டில பச்சக்கட்ட ஒண்ணு பூட்ச்சு."

"எந்தப் பய வச்சான்?"

"நான்தான்."



"நீரா வே? அரைமணில ஒரு நிமிசம் கொறஞ்சா எங்கிட்டயே சண்டைக்கு வருவீரே! சரி, பேசாம விட்டா யாருக்குத் தெரியும்?"

"அங்க கதவ தொறக்கிறவனுக்குத் தெரியும். பக்கத்துலயே நம்ம நம்பரு கீது."

"அவன் பாக்கலன்னா?"

"அப்ப அந்த மரத்துக்குத் தெரியும்."

"திருப்பச் சொல்லும்" என்று போனை வைத்தார் முதலாளி.

கப்பல் போய்விட்டது. மறுநாள், சுங்க அதிகாரி வந்து சம்மதித்த பிறகு சீலை உடைத்தார்கள். சைமன் துண்டை உருவிப் பிளந்தார். உள்ளே வளைந்து போகும் பாதை, முடிவில் வட்டமாக ஒரு ஓட்டை. புழு இல்லை.

"எங்கவே உம்ம புழு?"

"வண்டா மாறி வெளிய வந்துட்டுக்கீது, அண்ணாச்சி. வெட்டறதுக்கு முன்னயா, உள்ள வந்த பின்னயான்னுதான் தெரியல."

பம்புகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். மதியம் தாண்டியது. கடைசிப் பம்புக்கு அடியில் டார்ச் அடித்த சைமன் கையைக் காட்டினார். சாம்பல் நிற வண்டு ஒன்று, உடம்பைவிட நீளமான கொம்புகளை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தது.

வேதமாணிக்கம் வெள்ளை வேட்டியோடு மண்டியிட்டுக் குனிந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"மீசையப் பாருமே!" என்றார். "சரி, தட்டு பூராவும் மறுபடி சூட்டறைக்குப் போவட்டும். அடுத்த கப்பலுக்கு ஏத்தும்போது நீரு கையக் கட்டிக்கிட்டு நில்லும் வே."