சந்தனம் காய்ந்த கீபோர்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய கீபோர்டு கிடக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த மில்லில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் அதன் ஓரத்தில் திட்டாகக் காய்ந்து ஒட்டியிருக்கிறது. துடைக்க மனம் வந்ததில்லை. அதைப் பார்த்தால் எங்கள் மில்லின் டைப்பிஸ்ட் அக்கா நினைவுக்கு வந்துவிடுவார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் கம்ப்யூட்டர் அறை என் பொறுப்பில் இருந்தது. அதில் லினக்ஸ் போட்டவன் நான்தான். மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடுகிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து பில் அடிப்பார். எண்பதுகளில் அந்த ஊர் மடவார் வளாகம் பக்கம் டைப்ரைட்டிங் பழகி ஹையர் பாஸ் செய்தவர். விசைகளைக் குனிந்து பார்த்து அடிப்பதை அவமானமாக நினைப்பார். மேனேஜர், அக்கா, நான் மூவருக்கும் ஒரே பாஸ்வேர்டு.

அந்த வருஷம் பூஜைக்காகத்தான் கம்ப்யூட்டரை முதன்முறையாக அணைத்தோம். பூஜை பிரித்து மறுபடி போட்டபோது பாஸ்வேர்டை ஏற்க மறுத்தது. நான் அடித்தேன், மேனேஜர் அடித்தார், பயனில்லை. கேட்டில் நூல் மூட்டைகளுடன் லாரி பில்லுக்காக நின்றுகொண்டிருந்தது. பூஜைக்கு முந்தின நாள் லீவு கேட்டு அக்கா மேனேஜரோடு மல்லுக்கு நின்றிருந்தார்; அன்று கடைசியாகக் கம்ப்யூட்டரைத் தொட்டவரும் அவர்தான். கோபத்தில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டதாக மேனேஜர் முடிவே கட்டிவிட்டார். மறுநாளிலிருந்து பேக்கிங்குக்குப் போய்விடும்படி எல்லார் முன்னாலும் சொன்னார்.

அக்கா அழவில்லை. “என் வெரலு பொய் சொல்லாது சார். செத்த நேரம் குடுங்க” என்று உட்கார்ந்தார். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது. பெயர் அடிக்கும் இடத்தில் தெரியும். அங்கே, சுவரைப் பார்த்தபடி, ஏ முதல் இசட் வரை வரிசையாகத் தட்டினார். பிறகு திரையைப் பார்த்தார். கடைசி இரண்டு எழுத்துகள் இடம் மாறி, இசட் முன்னால், ஒய் பின்னால் நின்றன. எங்கள் பாஸ்வேர்டில் ஒரு ஒய் உண்டு. அதற்குப் பதில் இசட் விசையைத் தட்டினார். திறந்துகொண்டது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. சில மாதம் முன்பு மெஷின் மாட்ட வந்த ஜெர்மன்காரர் கடிதம் அடிப்பதற்காக அவர் ஊர் கீபோர்டு அமைப்புக்கு மாற்றியவன் நான்; அதில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். அவர் போனதும் திருப்பி வைத்தேன். ஆனால் கம்ப்யூட்டர் தொடங்கும்போது படிக்கும் ஃபைலில் மாற்ற மறந்துவிட்டேன். அணைத்துப் போட்டதும் அந்த ஜெர்மன் அமைப்பு விழித்துக்கொண்டது. ஃபைலைத் திருத்திக்கொண்டே அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை.

“மாத்துனது நீ, கண்டுபிடிச்சது நான். மேனேஜர் அவியகிட்ட ரெண்டையும் சேத்துச் சொல்லு தம்பி.”

சொன்னேன். மேனேஜர் எனக்குக் கொடுத்த டோஸ் கொஞ்சநஞ்சமல்ல. அக்காவிடம் மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. எழுந்து போய் அக்காவின் நாற்காலியைக் கம்ப்யூட்டர் முன்னால் தானே இழுத்துப் போட்டார். லாரி கிளம்பியது.

இன்று பெரிய பெரிய சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பாஸ்வேர்டு ஏறவில்லை என்று யாராவது பதறினால், பெயர் அடிக்கும் இடத்தில் ஏ முதல் இசட் வரை அடித்துப் பார்க்கச் சொல்வேன். பிரச்சினை பிடிபட்டதும் என்னைக் கெட்டிக்காரன் என்பார்கள். அப்போது இந்தக் கீபோர்டை எடுத்துக் காட்டி, பெருமையோடு இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்: மாற்றியது நான், கண்டுபிடித்தது அக்கா.