முறிக்க ஆளில்லாத பத்தியம்

எண்ணுவது என் நோய். மாடிப்படி பதினாறு. டப்பாவில் மாத்திரை இன்னும் இருபத்திரண்டு. இப்படி எல்லாவற்றையும் எண்ணிய பிறகுதான் எனக்கு மூச்சு சீராகும். எண்ண வேண்டிய ஒன்றை எண்ணாமல் விட்டது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒற்றை அறையில் குடியிருந்தபோது.

நான் பஞ்சாலையில் நூல் எடை குறிக்கும் குமாஸ்தா. பிரெஞ்சு படித்திருந்தும் சம்பளம் தறிக்காரர்களுடையதை ஒட்டித்தான் இருந்தது. வரிசையில் பன்னிரண்டு அறைகள், ஒரு கிணறு. என் அம்மா சைகோனில் அண்ணனோடு இருந்தாள். என் மனைவிக்குத் தாய் இல்லை. எங்களுக்குப் பெண் பிறந்தபோது மருத்துவச்சி வந்து போனாள். பிறகு நாங்கள் மூவர்தான்.

ஞாயிறுதோறும் மாதாகோயில் பூசை முடிந்ததும் குழந்தையை மளிகைக்கடைத் தராசில் நிறுப்பேன். முதல் ஞாயிறு இரண்டு கிலோ எழுநூறு. ஒன்பதாவது ஞாயிறு நான்கு கிலோ. பதினேழாவது ஞாயிறும் அதே நான்கு கிலோ. குழந்தை சற்று உறிஞ்சிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அழக்கூடத் தெம்பில்லை.

"இன்னா எழுத்துக்காரரே, தராசுல வச்சா பால் ஊறுமா?" என்று பக்கத்து அறைக்காரி கிணற்றடியில் கேட்டாள். "உன் பொஞ்சாதி மூஞ்சியப் பாத்தியா? தேஞ்ச சோப்பு மாரி கீது."

எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் எடை எழுதிய தாளோடு இருவரையும் கன்னியாஸ்திரிகளின் தரும வைத்தியசாலைக்கு அழைத்துப் போனேன். வயதான கன்னியாஸ்திரி ஒருவர் தாளை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். குழந்தையைத் தொடவில்லை. என் மனைவியின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளுத்துக் கிடந்தது.

"இவ நேத்து இன்னா சாப்ட்டா?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அவள் எப்போதும் எனக்குப் பிறகு, நான் இல்லாதபோது சாப்பிடுவாள்.

"மொளகு ரசம் சோறு," என்றாள் மனைவி.

"முந்தாநாளு?"

"அதேதாம்மா."

"நாலு மாசமாவா பத்தியம்? யாரு சொன்னா?"

"யாரும் முறிக்கலியே," என்றாள்.

எங்கள் குடும்பத்தில் பிள்ளை பெற்றவள் பத்தியத்தைத் தானாக முறிக்கக் கூடாது. நாற்பதாம் நாள் மாமியாரோ தாயோ மீன்குழம்பு வைத்து முதல் கவளத்தை ஊட்ட வேண்டும். அதுவரை மீன், கீரை, பருப்பு எதுவும் இல்லை. தண்ணீருக்குக்கூட அளவு உண்டு. நாற்பதாம் நாளை நான் எண்ணித்தான் வைத்திருந்தேன். அது பெண்கள் சமாசாரம் என்று ஆலைக்குப் போய்விட்டேன். எந்தப் பெண்கள் என்று யோசிக்கவில்லை. அம்மாவின் கடிதத்தில் அனுமதி வரும் என்று என் மனைவி காத்திருந்தாளாம். கடிதம் வந்தது. அம்மா பேத்தியின் எடையை மட்டும் கேட்டிருந்தாள்.

நாங்கள் வாங்கும் மீன் ஒருவருக்குத்தான் காணும். அது என் தட்டுக்கு வந்தது.

அன்று ஆலைக்குப் போகவில்லை. தாய்ப்பால் ஊறக் கொடுக்கும் பால்சுறா மீன் வாங்கி வந்தேன். அவளே குழம்பு வைத்தாள்.

"நான் ஆம்பள. என் கையால முறிச்சா ஆவுமா?"

"ஆவாட்டி போவுது, குடுங்க."

ஒரு கவளம் ஊட்டினேன். மென்று விழுங்கிவிட்டு, "நீங்க அந்தாண்ட திரும்பிக்குங்க," என்றாள். என் எதிரில் அவள் சாப்பிட்டதே இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவள் வளையல் ஓசையை எண்ணினேன். முப்பத்தொன்று வரை எண்ணினேன். அதற்கு மேலும் சாப்பிட்டாள்.

நான்கு ஞாயிறு கழித்துக் குழந்தை நான்கு கிலோ முந்நூறு. அந்தக் குழந்தை இப்போது பிரான்சில் பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள். மனைவிக்கு முப்பது வயதுக்குள் ஏழு பல் விழுந்தது. அவள் போய் ஒன்பது வருஷம்.

நாற்பதாம் நாளுக்குப் பிறகு ஏறக்குறைய எண்பது நாள், நாளுக்கு இரண்டு வேளை. நூற்று அறுபது வேளை அந்த அறையில் ரசம் சோற்றின் முன் அவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். தட்டைப் போட்டுக்கொண்டு உட்காரும்போதெல்லாம் இந்தக் கணக்கு வந்துவிடுகிறது. எதிரே யாரும் இல்லை. ஆனாலும் நான் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் சாப்பிடுகிறேன்.