பாருக்குள் இட்லிக் கடை

இட்லிக் கடைக்கு மாவு புளித்தால் மட்டும் போதாது, உட்கார்ந்து சாப்பிடும் இடத்தை ஊர் ஒத்துக்கொள்ளவும் வேண்டும். கம்பம் ஊரில் எனக்குக் கிடைத்த இடம் ஒரு பார். பகல் பன்னிரண்டுக்கு மேல் அது செல்வம் அண்ணனின் பார். காலை ஐந்திலிருந்து பதினொன்று வரை என் டிபன் கடை. ஒரே கூரையை இன்னொருவரோடு பங்கு போட்டுப் பிழைக்கிறவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் நாள்

முந்தின நாள் வாடை துளியும் இருக்கக்கூடாது என்று அரை பாட்டில் ஃபினாயிலை ஊற்றித் தரையைத் தேய்த்தேன். போதாதென்று சாம்பிராணியும் போட்டேன். முதல் ஆளாக வந்த பெரியவர் நாலு இட்லியையும் தின்று கை கழுவினார். நன்றாக இருந்ததா என்று கேட்டேன்.

"பார் வாசமும் இல்ல, சாம்பார் வாசமும் இல்ல ஆத்தா. ஆஸ்பத்திரியில சாப்பிட்ட மாதிரி இருக்கு."

மூலை மேசை

ஒரு நாள் ஏழு மணிக்கு ஒரு கொத்தனார் வந்தார். தூக்கம் கலையாத முகம். பழகிய கால் அவரை மூலை மேசைக்குக் கொண்டுபோய்விட்டது. "தண்ணி கொண்டா" என்றார். செம்பு நிறையத் தண்ணீரும் சூடாகப் பொங்கலும் கொண்டுபோய் வைத்தேன். செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவிழ்ந்து கிடந்த சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார். இரண்டு பிளேட் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

"பத்து வருசமா இந்த மூலையில தண்ணி கேக்குறேன். நெசமாவே தண்ணி குடுத்தது நீங்க ஒருத்தருதான்க்கா."

ஏலத்தோட்டத்து ஜீப்

மலைக்கு மேலே கேரளாவில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களின் ஜீப் தினமும் எங்கள் வாசலில்தான் நிற்கும். டிரைவர் மட்டும் உள்ளே வந்து பார்சல் வாங்குவார். பெண்கள் ஜீப்பிலேயே பொட்டலத்தை மடியில் வைத்துத் தின்பார்கள். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் நல்ல மழை. ஜீப்பின் படுதா கிழிந்து எல்லோரும் நனைந்துவிட்டார்கள். நான் வெளியே போய்க் கூப்பிட்டேன். "ஊருக்குள்ள பேச்சாயிரும்க்கா" என்றாள் அவர்களுக்கு மூத்தவளான பாண்டியம்மாள்.

"நான் தெனமும் இங்கனதான நிக்கிறேன். என்னைய என்ன பேசுறாக?" என்று கேட்டேன். பாண்டியம்மாள் சேலையைப் பிழிந்தாள். பிறகு ஜீப்பிலிருந்து இறங்கினாள். பின்னாலேயே மற்ற பதினோரு பேரும் வந்தார்கள். அன்று தோசைக்கல் முன்னால் எனக்கு நெஞ்சு நிமிர்ந்த மாதிரி என் கல்யாணத்தன்றுகூட நிமிர்ந்ததில்லை. மறுநாள் காலை பாண்டியம்மாள் தானாகவே உள்ளே வந்து உட்கார்ந்தாள். வீட்டுக்காரரோடு சண்டையா என்றேன்.

"'பாருக்கா போன'ன்னு குதிச்சாரு. 'நீ தள்ளாடி எந்திரிச்ச பெஞ்சிலதான் நான் நிமிந்து உக்காந்து தின்னேன்'னு சொன்னேன்."

பெண் பார்க்க வந்தவர்கள்

செல்வம் அண்ணன் மகளுக்குத் தேவதானப்பட்டியில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. ஹோட்டல் நடத்துவதாகச் சொல்லி வைத்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் ஒன்பது மணிக்குக் கடைக்கே வந்துவிட்டார்கள். அண்ணன் பின்வாசல் வழியாக ஓடி வந்து, "தங்கச்சி, காலைக் கடையும் என்னுதுன்னு சொல்லிரு. பாரைப் பத்தி மூச்சு விடாத" என்று கும்பிட்டார்.

யாரும் இடம் தராதபோது தந்த மனிதர். ஆனால் என் கையால் நிமிர்த்திய கடையை இன்னொருவர் கடை என்று சொல்ல நாக்கு எழவில்லை. இலை போட்டுப் பரிமாறினேன். மாப்பிள்ளையின் அம்மா, "யாரு கடைம்மா இது?" என்று கேட்டார். "காலையில என் கடை. மத்தியானத்துக்கு மேல அண்ணனோட பார்" என்றேன். அண்ணன் பின்வாசல் பக்கம் நகர்ந்தார். அந்த அம்மா இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பார் வச்சிருக்காகன்னு விசாரிச்சுட்டுத்தான் வந்தோம். இப்படி ஒரு இட்லி கெடைக்கும்னுதான் ஒருத்தரும் சொல்லல. இன்னும் ரெண்டு வைங்க."

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் ஒருவர் விடிந்ததும் விடியாததுமாகப் பாருக்குக் கிளம்பினால் அவரை ஒழுக்கமானவர் என்றுதான் ஊர் சொல்கிறது, அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவள் நான்தான்.