வாசலில் நிற்கிற பிள்ளை

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். நீங்களும் இதைக் கேட்டுச் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

கொழும்புக் கம்பனியொன்று கிளிநொச்சியில் திறந்த மூன்று மாடி உடுப்புக்கடையில் நான் ஸ்டோர் பொறுப்பாளராக இருந்தேன். புதிதில் ஒட்டுசுட்டானிலிருந்தெல்லாம் சனம் பஸ் பிடித்து வந்தது. பிறகு எல்லாம் மாறிவிட்டது. வருவார்கள், போட்டுப் பார்ப்பார்கள், விலைச்சீட்டைப் போனில் படம் எடுப்பார்கள், வெளியே போய் அதையே ஒன்லைனில் மலிவாக எடுப்பார்கள். கொழும்பில் விற்காத தடித்த துணியை எல்லாம் தலைமை அலுவலகம் எங்கள் தலையில் கட்டியது. இந்த வெயிலில் அதை யார் உடுத்துவார்?

கடை வெறிச்சோடியதும் மனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. வாசலில் ஒரு பொம்பிளைப் பிள்ளை நாள் முழுக்கச் சிரித்தபடி நிற்க வேண்டுமாம். விற்பனைக்கு நின்ற பிள்ளைகளில் கனகராயன்குளத்துச் சிவகாமியை நிறுத்தினார். கால் வீங்கிப்போய் அவள் குந்தியிருக்க ஒரு கதிரை கேட்டாள். மனேஜர் மறுத்துவிட்டார்.

"கதிரையில இருந்தா கடை படுத்திட்டுது எண்டு சனம் நினைக்கும். சிரிச்சுக்கொண்டு நில்லும்."

ஒருநாள் மத்தியானம் நின்ற இடத்திலேயே விழுந்தாள். காலில் உறைந்து கட்டிய இரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டதாம்; ஆஸ்பத்திரி போகுமுன்பே முடிந்துவிட்டது. செத்தவீட்டுக்குப் போக மனேஜர் எங்களுக்கு லீவு தரவில்லை. கொஞ்ச நாளில் மற்றப் பிள்ளைகளை வேலையை விட்டே நிறுத்தினார்.

ஒரு பின்னேரம் உள்ளே வந்த ஒரு அம்மா என்னைப் பிடித்து ஏசினார்.

"தம்பி, வாசல்ல நிக்கிற பிள்ளைக்கு ஒரு கதிரை குடுத்தா என்ன? கால் ரெண்டும் ஊதிப்போய்க் கிடக்கு!"

வாசலில் ஒருவரும் இல்லை. ஓடிப்போய் மனேஜரிடம் சொன்னேன். அவரோ விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கை, நான் நிண்டு பாக்கிறன்" என்று அதே இடத்தில் போய் நின்றார்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கூப்பிட்டேன், அசையவில்லை. கிட்டப் போனால் முகமெல்லாம் வியர்வை, முழங்கால் மடியவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

"என்ர தோளில ஏறி இருக்கிறாள். இறக்கி விடுங்கோ."

மெலிந்த மனிதர்தான். ஆனால் நானும் காசாளரும் தூக்கியும் அசைக்க முடியவில்லை. தெருவில் போன வான் ஒன்றை மறித்து, சாரதியும் சேர்ந்து மரக்கட்டையைப்போலத் தூக்கி, வானின் தரையில் கிடத்தினோம். ஆஸ்பத்திரியில் டொக்டர்மாருக்கு அது என்ன நோய் என்றே பிடிபடவில்லை. முழங்கால் இன்றைக்கும் மடியாதாம், நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறாராம். கடையையும் பூட்டிவிட்டார்கள்.

நம்பினால் நம்புங்கள், அவரைப் பற்றி நான் யோசிப்பதே இல்லை. நித்திரையைக் கெடுப்பது அந்த வான்தான். சாரதி வவுனியா ஆள், எங்கள் கடைக்கதை ஒன்றும் தெரியாதவர். அன்றைக்கு மனேஜரை ஆஸ்பத்திரிக்குள் கொண்டு போன பிறகு, அவர் வானில் பின்பக்கம் தெரிகிற கண்ணாடியைப் பார்த்தபடி என்னிடம் கேட்டார்:

"அண்ணை, அந்தத் தங்கச்சி இன்னும் இறங்கேல்லையே. அவாவை எங்கை விடுறது?"

எட்டிப் பார்த்தேன். வானுக்குள் யாரும் இல்லை. பின்சீற்றின் நடு மட்டும், பாரம் ஏறினதுபோல ஆழமாகப் பதிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே, அது இன்னும் கொஞ்சம் பதிந்தது.